மூன்று எடுத்தால் ஒன்று இனாம்

ஹாப்பாய் தீவு, தொங்கா
மார்ச் 4

லாத்தாய்க்கு லெசியேலி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் என் பன்றிகளும் நலம். நீயும் என் தம்பி செமிசியும் என் மருமகள் மெலியாமேயும் சிட்னியில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் முழங்கால் போடுகிறேன். அந்த முழங்கால்தான் சுகமில்லை.

போன் செய்யாமல் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. புயலில் டவர் விழுந்த பிறகு படகுத்துறையில் நின்றால்தான் பேச்சு கேட்கிறது. அங்கே நின்று நான் கத்தினால் தீவே கேட்கும். நமக்குள் இருப்பது நமக்குள் இருக்கட்டும்.

போன கப்பலில் நான் அனுப்பிய தாழம்பாய்களையும் மரப்பட்டைத் துணிகளையும் இணையத்தில் விற்றுவிட்டாய், சந்தோஷம். ஆனால் சேர்த்து எடுத்தால் விலைக் குறைப்பு என்று போட்டிருக்கிறாயாமே? பாதிரியார் வீட்டம்மாள் படகுத்துறையில் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ஏ லெசியேலி, உன் பாயெல்லாம் இப்ப சோப்புக்கட்டி மாதிரி ஆயிடுச்சே! ரெண்டு எடுத்தா மலிவாமே!" என்று பல்லைக் காட்டினாள். மீன் வாங்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

தாழை ஓலையை வெட்டி, வேகவைத்து, இரண்டு வாரம் கடலில் ஊறப்போட்டு, வெயிலில் வெளுத்து, நகத்தால் கீறி நெய்கிறேன். இரண்டாவது பாய்க்கு என் கை பாதி வேலையா செய்கிறது? எனக்குப் பதில் வேண்டும்.

மெலியாமே கல்யாணம் நவம்பர் 18தானே? பெண்ணின் அத்தை நான் வந்து உட்காராமல் எவனும் பன்றியில் கத்தி வைக்கக்கூடாது.

உன் நாத்தனார்
லெசியேலி


மவுண்ட் ட்ரூயிட், சிட்னி
மார்ச் 27

மரியாதைக்குரிய அண்ணிக்கு லாத்தாயின் வணக்கம். இங்கே எல்லாரும் நலம். உங்கள் முழங்காலுக்கு ஒரு களிம்பு வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணி, கோபப்படாமல் கேளுங்கள். ஒற்றைப் பாய்க்கு இங்கே ஆள் வருவதில்லை. வந்தால் அது யோகா செய்கிற வெள்ளைக்காரப் பெண்ணாக இருக்கும். போன வாரம் ஒருத்தி "இதுல நின்னா வழுக்குமா?" என்று கேட்டாள். நம் சனம் வருவது சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். திடீரென்று ஒரு மாமா போய்விடுவார், மூன்று நாளில் பாய், பட்டைத் துணி, போர்வை எல்லாம் வேண்டும். ஒருத்தியிடம் பாய், இன்னொருத்தியிடம் துணி என்று அலைய அவர்களுக்கு நேரம் ஏது? எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்து, விலையும் கொஞ்சம் குறைந்தால் நம்மிடம் வருவார்கள். இல்லாவிட்டால் ஆபர்னில் இருக்கிறாளே ஒருத்தி, அவளிடம் போய்விடுவார்கள்.

விற்காமல் கிடந்தால் என்ன ஆகும் தெரியுமா? எங்கள் கராஜ் மழைக்கு ஒழுகுகிறது. பூஞ்சை பிடித்த பாயை யார் தொடுவார்கள்? உங்கள் தம்பி வேறு, "காரை என்ன என் தலையிலயா நிறுத்துறது?" என்று தினமும் கத்துகிறார்.

அதனால் இரண்டு எடுத்தால் பத்து சதவீதம், மூன்று எடுத்தால் இருபது, அதோடு சின்னதாக ஒரு இனாம் என்று வைத்திருக்கிறோம். ஒரு விசிறி, ஒரு எண்ணெய்க் குப்பி, அவ்வளவுதான். நான் மருத்துவமனைச் சலவையகத்தில் இரண்டு ஷிப்ட் வேலை பார்ப்பதால் படம் எடுப்பது, கட்டுவது, அனுப்புவது எல்லாம் மெலியாமே. இனாம் கொடுத்தால்தான் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள் என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள்.

கல்யாணத்துக்கு நீங்கள் வருகிற நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பணிவுடன்
லாத்தாய்


ஹாப்பாய்
ஏப்ரல் 20

லாத்தாய்க்கு, நலம். களிம்பு வேண்டாம், நாற்றம் பிடிக்காது.

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். கராஜ் ஒழுகுவது உண்மையென்றால் நீ செய்வது சரி. பாதிரியார் வீட்டம்மாளிடம் இதைச் சொல்ல மாட்டேன்.

நேற்றைய கப்பலில் ஒரு சுருள் ஏற்றியிருக்கிறேன். வெளியே மூன்று புதுப் பாய்கள். அவற்றை நீ எப்படி வேண்டுமானாலும் விற்றுக்கொள். ஆனால் சுருளின் நடுவில் எங்கள் அம்மாவின் இடுப்புப் பாய் இருக்கிறது. அது விற்பனைக்கு அல்ல. மெலியாமே கல்யாணத்தில் நான் கட்டிக்கொள்ள வேண்டியது.

கையில் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பூச்சி, புல் என்று சொல்லிப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பாதிரியார் வீட்டம்மாள் பயமுறுத்தினாள். விற்கிற பாய்கள் மருந்தடித்து, அனுமதிக் காகிதத்தோடு வருவதால் அதையும் அவற்றோடு சேர்த்துவிட்டேன். அம்மாவுக்கு அதை அவள் அத்தை கட்டிவிட்டாள். ஓரம் பிய்ந்திருக்கிறது, ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி ஒட்டுத் தையல். அது எவ்வளவு கிழிசலோ அவ்வளவு மரியாதை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் கல்யாணத்தில் உன் அம்மா ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாளே, நெசவு மட்டம் என்று நான்கூட மீன்வலை என்று சொன்னேனே, அந்த மாதிரி இல்லை இது.

அடுத்த வாரம் பாதிரியார் வீட்டம்மாள் சிட்னிக்கு வருகிறாள். சுருள் வந்து சேரும் முன்பே இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிடுவாள்.

லெசியேலி


மவுண்ட் ட்ரூயிட்
மே 29

அன்புள்ள அண்ணிக்கு, நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். மார்ச்சுக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதமே இல்லை. என் மேல் கோபம் தீரவில்லையா?

கோபம் தீர ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். உங்கள் சுருள் புதன்கிழமை வந்தது, சனிக்கிழமை விற்றுப்போனது! முழுதாக, ஒரே ஆளுக்கு! பிரிஸ்பேன் பக்கம் லோகனில் ஒரு வீட்டில் பெரிய சாவு. கலோலைனே என்கிற பெண் மூன்று பாய்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். நான் வேலையில் இருந்தேன். மெலியாமேதான் தனியாகப் பிரித்து, படம் எடுத்து, கட்டி, லாரியில் ஏற்றி எல்லாம் முடித்தாள். விசிறி தீர்ந்துபோனதால் சுருளோடு வந்த ஏதோ பழசை இனாமாகச் சுற்றிக் கொடுத்துவிட்டாளாம்.

அந்தப் பெண் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? ஐந்து நட்சத்திரம் போட்டு, "இப்படி ஒரு இனாமை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. உங்கள் குடும்பத்தை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக" என்று எழுதியிருக்கிறாள். ஒரு விசிறிக்கு இவ்வளவு யாராவது சொன்னார்களா? இனி ஆபர்ன்காரி கடையை மூட வேண்டியதுதான்.

உங்கள் வெற்றிகரமான வியாபாரி
லாத்தாய்


மவுண்ட் ட்ரூயிட்
ஜூன் 14

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு, ஆண்டவர் கிருபையால் எல்லாரும் நலம். தங்கள் நலத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். முழங்கால் எப்படி இருக்கிறது?

தங்களுடைய ஏப்ரல் மாதக் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. பாதிரியார் வீட்டம்மாள் பல் வலி என்று தலைநகரிலேயே ஏழு வாரம் தங்கிவிட்டாராம். சுருளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். சரி.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கே எப்படி? குளிரில் முழங்கால் வலி அதிகமாகும் என்பார்கள். இரவில் துணி சுற்றிக்கொண்டு படுக்கவும். பன்றிகள் நலமா? முழங்காலைக் கவனித்துக்கொள்ளவும்.

என்றும் தங்களுக்குக் கடமைப்பட்ட
லாத்தாய்


ஹாப்பாய்
ஜூலை 9

லாத்தாய்க்கு, உன் இரண்டு கடிதங்களும் ஒரே படகில் வந்தன. முதலில் மே மாதத்தைப் படித்தேன், அப்புறம் ஜூனைப் படித்தேன்.

பன்றிகளில் ஒன்று குட்டி போட்டிருக்கிறது. என் முழங்காலை நீ மூன்று முறை விசாரித்திருக்கிறாய். இதுவரை யாரும் அதை இவ்வளவு மதித்ததில்லை.

அம்மாவின் பாயை அவ்வப்போது வெயில் படாத காற்றில் போட வேண்டும். எலி வராமல் பார்த்துக்கொள். எனக்கு வயதாகிறது, ஒரு விஷயம் மறந்துபோகிறது. அதன் இடது ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குத் தையல் இருக்கும். அது சிவப்பு நூலா, கறுப்பு நூலா? பார்த்து எழுது.

நான் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறேன். அது விற்பதற்கு இல்லை.

லெசியேலி


மவுண்ட் ட்ரூயிட்
ஆகஸ்ட் 20

மரியாதைக்குரிய அண்ணிக்கு, நாங்கள் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். சலவையகத்தில் ஆள் பற்றாக்குறை. நடுவில் நான்கு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. உங்கள் தம்பியிடம் வேலைப் பயிற்சி என்று சொல்லியிருந்தேன். ஏனென்றால் அது பயிற்சிதான்.

மண்டபம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பன்றி என்கிறார்கள், உங்கள் தம்பி அதைக் கேட்டு ஐம்பது என்கிறார். கவா வேர்ச்சாறு குடிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆண்கள் போடுகிற கணக்கு இது. சுடப்போகிறவர்கள் நாங்கள்தானே!

மெலியாமே கொஞ்சம் இளைத்திருக்கிறாள். கல்யாணக் கவலைதான், வேறொன்றுமில்லை. அவள் இப்போது இணையத்தில் எதையும் விற்பதில்லை.

நீங்கள் கேட்டது கறுப்பு நூல் என்றுதான் நினைக்கிறேன்.

முழங்கால் தேவலையா?

பணிவுடன்
லாத்தாய்


ஹாப்பாய்
செப்டம்பர் 5

லாத்தாய்க்கு,

கறுப்பா? சரி.

விமானச் சீட்டு வாங்கியாயிற்று. நவம்பர் 14 காலையில் இறங்குகிறேன். விற்பதற்கு ஒரு சுருளை முன்னாடியே கப்பலில் அனுப்புகிறேன். அதை நான் வரும்வரை பிரிக்காதே.

கல்யாணத்தன்று என் இடுப்பில் அம்மாவின் பாயை மெலியாமே கட்டிவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

வேறு ஏதாவது எழுத வேண்டியது இருந்தால் எழுது. கப்பல் இங்கே பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது.

லெசியேலி


மவுண்ட் ட்ரூயிட்
அக்டோபர் 3

அண்ணி,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவின் பாய் என்னிடம் இல்லை. மே மாதத்திலிருந்தே இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று கராஜுக்கு ஓடினேன். அங்கே ஒன்றும் இல்லை. மெலியாமேயிடம் "சுருளோட நடுவுல என்னடி இருந்துச்சு?" என்று கேட்டேன். "பழைய பாய்தான்மா, ஓரமெல்லாம் பிஞ்சு கெடந்துச்சு. நல்ல பாய் அடிபடாம இருக்க உள்ள வெச்சு சுத்தியிருக்காங்கன்னு நெனச்சேன். அத விலைக்குப் போட்டா நட்சத்திரம் கொறையும்ல, அதான் இனாமா..." என்றாள். அவள் இங்கே பிறந்தவள். கிழிந்ததுதான் உசத்தி என்று அவளுக்குச் சொல்லித்தராதது என் குற்றம். இரண்டு ஷிப்ட் வேலைக்கு ஓடி ஓடி எதைச் சொல்லித்தந்தேன்?

அந்தக் கலோலைனே தன் இணையப் பக்கத்தை மூடிவிட்டாள். செய்தி போகவில்லை. லாரிச் சீட்டில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு ஆகஸ்டில் பஸ் ஏறி லோகனுக்குப் போனேன். பயிற்சி என்று நான் சொன்னது அதைத்தான். நல்ல பெண், அண்ணி. சேப்பங்கிழங்கு இலையில் மாட்டிறைச்சி வைத்து அவித்துச் சோறு போட்டாள். "அக்கா, எங்கம்மா அந்தப் பாயைப் பார்த்துட்டு அழுதுட்டாங்க. இதை எவ மனசு வந்து சும்மா கொடுத்தா, அவ பெரிய மனுஷின்னு சொன்னாங்க" என்றாள்.

பாடையின் மேல் எல்லாவற்றுக்கும் மேலாக அதைத்தான் வைத்தார்களாம். இறந்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்த அத்தை உரிமைக்காரி, நம் வழக்கப்படி அதைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு ஆக்லாந்துக்குப் போய்விட்டாள். அப்படிப் போனதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் நமக்கு உண்டா? கேட்டால் அந்தக் குடும்பத்துக்கும் அவமானம், இறந்தவருக்கும் அவமானம். முகவரியைக் கையில் வாங்கிக்கொண்டு, எழுதாமல் திரும்பி வந்தேன்.

நூலின் நிறத்தைக் கேட்டீர்கள். நான் அந்தப் பாயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கறுப்பு என்று குத்துமதிப்பாக எழுதினேன். அந்த ஒரு சொல்லை எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வேலையில் போர்வை மடிக்கும்போதெல்லாம் ஓரத்தைப் பார்க்கிறேன்.

என்னிடம் இருப்பது என் அம்மாவின் பாய் ஒன்றுதான். நீங்கள் மீன்வலை என்று சொன்ன அதே பாய். அது உங்கள் இடுப்புக்குத் தகுதி இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். பிள்ளையை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். நீங்கள் கல்யாணத்துக்கு வரமாட்டீர்களோ என்று அவள் பயப்படுகிறாள். நானும்தான்.

லாத்தாய்


ஹாப்பாய்
அக்டோபர் 24

லாத்தாய்க்கு,

கடிதம் வந்தது. முழங்கால் தேவலை.

நவம்பர் 14 வருகிறேன். உன் அம்மாவின் பாயை எடுத்துக் காற்றாடப் போடு.

லெசியேலி


மவுண்ட் ட்ரூயிட்
டிசம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு, பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பன்றிக்குட்டிகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? மெலியாமேயும் மாப்பிள்ளையும் நேற்று வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இருவரும் நலம்.

மண்டபத்தில் என் அம்மாவின் பாயைக் கட்டிக்கொண்டு நீங்கள் முதல் இடத்தில் போய் உட்கார்ந்ததை ஊரே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. மெலியாமே தளர்வாகக் கட்டியபோது "இறுக்கிக் கட்டுடி, அத்தைக்கு இடுப்பு இன்னும் இருக்கு" என்று சொன்னீர்களே, அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், அழவும் செய்கிறாள். சமையல் பக்கம் நின்று பார்த்த எனக்கு அடுப்புப் புகைதான் கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை நீங்கள் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. பத்து நாளும் எப்போது திட்டுவீர்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

கிளம்புகிற அன்று அந்தப் பாயை நீங்களே மடித்து உங்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு "இதை நான் எடுத்துக்கறேன்" என்றீர்கள். தம்பி வீட்டில் எதையும் கேட்பது அக்காவான உங்கள் உரிமை, கொடுப்பது எங்கள் கடமை. நான் தலையாட்டினேன். நான் செய்ததற்கு அது சரியான பதில். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அலமாரியில் அது இருந்த தட்டில் இப்போது போர்வைகளை வைத்திருக்கிறேன்.

கப்பலில் முன்னாடியே வந்த சுருளை, போகும் முன் நீங்களே கராஜில் உட்கார்ந்து மறுபடி கட்டி வைத்தீர்களே, அதை நான் இன்னும் பிரிக்கவில்லை. எதையும் விற்க மனம் வரவில்லை. ஒரு பெண் மூன்று பாய் கேட்டிருக்கிறாள், வரும் சனிக்கிழமை பிரிக்க வேண்டும். இந்த முறை நானே பிரிக்கிறேன், கடைசிச் சுற்று வரை.

பணிவுடன்
லாத்தாய்


(சுருளின் நடுவில், ஒரு புது இடுப்புப் பாயோடு ஊசி குத்தியிருந்த சீட்டு)

நவம்பர் 24

லாத்தாய்,

நீ இதைப் படிக்கிறாய் என்றால் சுருளை முழுதாகப் பிரித்திருக்கிறாய். நல்லது.

இது உனக்கு. ஜூலையில் உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் படித்த அன்றே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஐந்து நட்சத்திரம் வாங்குகிற பழசு என் சுருளில் வேறு என்ன இருக்கிறது? மறுநாளே இதை நெய்ய உட்கார்ந்தேன். கோபத்தில் உட்கார்ந்தேன். அப்போது உனக்கென்று நெய்யவில்லை. உன் கண் முன்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எனக்காகவே நெய்தேன். முதல் இரண்டு முழமும் மடிக்க முடியாத அளவுக்கு இறுக்கமாக இருக்கும். உன் அக்டோபர் கடிதம் வந்த பிறகு நெய்தது மிருதுவாக இருக்கும். தடவிப் பார், எந்த இடத்தில் கடிதம் வந்தது என்று உனக்கே தெரியும்.

விமான நிலையத்தில் இதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினேன். ஒருவன் புரட்டிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான், அவ்வளவுதான். பாதிரியார் வீட்டம்மாள் பேச்சைக் கேட்டு அம்மாவின் பாயை விற்கிற பாய்க்குள் சுற்றியது என் புத்தி. மெலியாமேயிடம் இதைச் சொல்.

உன் அம்மாவின் பாயை மீன்வலை என்று சொன்னதற்கு இருபத்தாறு வருடமாக ஒரு பதில் வைத்திருந்தேன், வாயில் வரவில்லை. மண்டபத்தில் கட்டிக் காட்டினேன். அதை எடுத்துப் போவதும் ஆசைப்பட்டுத்தான். இங்கே ஞாயிறு கோயிலுக்குக் கட்டிக்கொள்வேன்.

கறுப்பு நூல் என்றாய், பாதி சரி. அது நூலே இல்லை, அம்மாவின் தலைமுடி. இந்தப் பாயின் இடது ஓரத்தை நான் என் முடியால் தைத்திருக்கிறேன். எல்லாம் நரை, நன்றாகத் தெரியும். நாளைக்கு யாராவது என்ன நிறம் என்று கேட்டால் பார்த்துச் சொல்.

ஒன்றை எடுத்தேன், ஒன்றை வைத்தேன். தள்ளுபடி கிடையாது.

லெசியேலி